கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் விளையாட்டு வேண்டும்



நோய் வந்தால் ஓய்வெடுக்க வேண்டும் என்பது எமது வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. காய்ச்சல் வந்த பிள்ளையைப் பாயில் படுக்க வைக்கிறோம். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறோம். "வெளியில போகாதை, விளையாடாதை" என்று சொல்லிப் பக்கத்திலேயே இருக்கிறோம். இரண்டு மூன்று நாட்களில் மாறிவிடும் நோய்க்கு இது பொருத்தமானதுதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் சிகிச்சை பெற வேண்டிய நோயொன்று வந்துவிட்டால், அத்தனை காலமும் பிள்ளை படுத்தே கிடக்கலாமா?

இரத்தப் புற்றுநோயினால் வைத்தியசாலையில் தங்கியிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய உடற்பயிற்சியைப் பற்றியும் இந்த மாதம் எழுதுகிறேன். இது வைத்தியர்களுடைய விடயம், எமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் கட்டிலருகே இரவும் பகலும் கதிரையில் இருப்பவள் ஒரு தாய். பயிற்சி நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் அவளுடைய கையில்தான் இருக்கிறது.

ஏழு வயதுச் சிறுவன்

சில ஆண்டுகளுக்கு முன்பு தென்பகுதி வைத்தியசாலையொன்றில் வன்னியிலிருந்து வந்த ஒரு தாயையும் அவரது ஏழு வயது மகனையும் சந்தித்தேன். பயணச் செலவு, தங்குமிடம், உதவிப்பண விண்ணப்பம் ஆகியவற்றைக் கவனிப்பது எனது வேலையாக இருந்தது. தகப்பன் கூலி வேலைக்குப் போகிறவர். ஊரில் இரண்டு பிள்ளைகளை அம்மம்மா பார்த்துக்கொண்டார்.

அந்தத் தாய் மகனைத் தரையில் விடுவதே இல்லை. மலசலகூடத்துக்கும் தூக்கிக்கொண்டே போவார். "பிள்ளைக்கு எழும்ப ஏலாமக் கிடக்கு மிஸ். கால் நோகுதெண்டு அழுறான்" என்பார். நானும் அதை நல்ல காரியமாகவே நினைத்தேன். "நீங்கள் நல்லாப் பாக்கிறீங்கள் அக்கா. அவன் ஆறுதலாப் படுக்கட்டும்" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஏறக்குறைய ஏழு வாரங்களின் பின் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். தாய் மகனைத் தரையில் நிறுத்தினார். அவனுடைய குதிக்கால் தரையில் படவில்லை. விரல் நுனியில் நின்றவன் உடனே தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு அடி வைத்தபோது முன்பாதம் தொங்கி நிலத்தில் இழுபட்டது. "மிஸ், இவனுக்குக் கால் வழங்காமப் போச்சோ?" என்று அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிறகுதான் விடயம் தெரியவந்தது. இரண்டாவது வாரமே இயன்மருத்துவர் ஒருவர் வந்து, கணுக்காலை எப்படி அசைப்பது, எப்போது இருத்துவது, எப்போது நிறுத்துவது என்றெல்லாம் செய்து காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். தாய் தலையாட்டியிருக்கிறார். விளங்கவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். திரும்பிக் கேட்டால் கோபிப்பார்களோ என்ற பயம். அன்று அதே விடுதியில், நான்கு கட்டில்களுக்கு அப்பால், விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டு நான் இருந்திருக்கிறேன். இரண்டு மொழியும் தெரிந்த நான் எழுந்து போய் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும்.

அந்த ஐந்து நிமிடத்துக்கான கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நோயும் மருந்தும் கால்களை என்ன செய்கின்றன?

எமது எலும்புகளின் உள்ளே இருக்கும் என்பு மச்சையில்தான் குருதிக் கலங்கள் உருவாகின்றன. இரத்தப் புற்றுநோயில் முதிர்ச்சியடையாத வெண்குழியங்கள் அங்கே கட்டுப்பாடின்றிப் பெருகி, மற்றக் கலங்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. செங்குழியம் குறைவதால் பிள்ளை வெளிறிக் களைத்துப்போகிறது. நல்ல வெண்குழியம் குறைவதால் கிருமித் தொற்று எளிதில் வருகிறது. குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதால் இலேசாக அடிபட்டாலும் கண்டிப்போகிறது. எலும்பு நோவும் வரும். "நடக்க மாட்டேன்" என்று பிள்ளை அடம்பிடிப்பதே சில வேளைகளில் நோயின் முதல் அறிகுறியாக இருக்கிறது.

சிறுவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய்தான். அதிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும் வகை, நல்ல சிகிச்சை கிடைத்தால் குணமாகக் கூடியது. இதனை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குணமாகி, வளர்ந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தப்போகிற பிள்ளை இது. ஆகவே அதன் கால்களையும் கைகளையும் நாம் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் முக்கியமான ஒரு மருந்து வின்கிறிஸ்ரின். எங்கள் வளவுகளில் பூக்கும் பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து இது. 1960களிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. (இதை வாசித்துவிட்டு யாரும் பட்டிப்பூவை அவித்துக் குடிக்கக் கொடுத்துவிட வேண்டாம். அந்தச் செடி நஞ்சு.) ஆனால் இம்மருந்து நரம்புகளைத் தாக்கும். முன்பாதத்தைத் தூக்கும் தசை பலவீனமடைந்து, நடக்கும்போது பாதம் 'தப், தப்' என்று அடிபடும். கெண்டைக்கால் தசை இறுகி, பிள்ளை விரல் நுனியில் நடக்கும். விரல்கள் விறைத்துச் சட்டைத் தெறி பூட்ட முடியாமல் போகும்.

அதனுடன் கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் மருந்து தொடைத் தசைகளைக் கரைக்கிறது. முகம் ஊதி, வயிறு வைத்து, பிள்ளை கொழுத்தது போலத் தெரியும். ஆனால் நிலத்திலிருந்து எழும்ப, படி ஏற முடியாது. எலும்புகளும் உறுதி குறைகின்றன. இத்தனைக்கும் மேலாக, அசையாமல் கிடப்பதால் தசை தானாகவே மெலிகிறது. மருந்து இல்லாமல் முடியாது. வைத்தியர் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அசையாமல் கிடப்பது எமது தெரிவு. அதை மாற்ற எம்மால் முடியும்.

'நோயாளி' என்ற வகிபாகம்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரல்கொட் பார்சன்ஸ் 1951 இல் எழுதிய ஒரு கருத்தைப் படித்தோம். நோயுற்றவருக்குச் சமூகம் ஒரு தனி வகிபாகத்தைக் கொடுக்கிறது. வழமையான கடமைகளிலிருந்து அவரை விடுவிக்கிறது என்பது அவருடைய விளக்கம். பரீட்சைக்காகவே அன்று அதைப் பாடமாக்கினேன். விடுதியில்தான் அதன் பொருள் விளங்கியது.

வளர்ந்தவருடைய கடமை வேலை. பிள்ளையின் கடமையோ விளையாட்டு. பிள்ளையை நோயாளியாக்கியதும் நாம் முதலில் பறிப்பது அதைத்தான். சாப்பாட்டை ஊட்டுகிறோம், உடுப்பைப் போட்டுவிடுகிறோம், தண்ணீர்க் கோப்பையைக்கூட வாயருகே பிடிக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு வயதுக் குழந்தையாகிறது. பார்க்க வரும் உறவினர்களும் "பாவம், எழுப்பாதையுங்கோ, படுக்க விடுங்கோ" என்றே சொல்கிறார்கள். பிள்ளையை எழுப்பி நடக்கவைக்கும் தாயை 'ஈரமில்லாதவள்' என்று பார்ப்போரும் உண்டு. அன்பினால் செய்கிறோம் என்று நாம் நினைப்பது பிள்ளைக்குத் தீமையாகிவிடக் கூடாது.

என்னென்ன செய்யலாம்?

முதல் வேலை, விடுதி வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்பதுதான். "இன்றைக்கு என் பிள்ளை என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது?" என்ற இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு நாளும் கேளுங்கள். குருதி அறிக்கை நாளுக்கு நாள் மாறும். நேற்று ஓடிய பிள்ளை இன்று இருந்தே விளையாட வேண்டியிருக்கலாம். அனுமதி கிடைத்தால் பின்வருவன பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

கட்டிலில் இருக்கும்போது: பாதத்தை மேலே தூக்கிக் கீழே இறக்கச் செய்யுங்கள். 'மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணுவம்' என்றால் சிறுவர்கள் உடனே செய்வார்கள். பிறகு முழங்காலை நீட்டி, ஒரு துவாயைப் பாதத்தைச் சுற்றிப் போட்டு, பிள்ளையே இரு கைகளாலும் தன் பக்கம் மெதுவாக இழுக்கட்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரிய வேண்டும், நோகக் கூடாது. முப்பது வரை எண்ணிவிட்டு விடலாம். நாம் பிடித்து வலிந்து இழுப்பது தவறு.

நெஞ்சுக்கு: சவர்க்காரக் குமிழி ஊதுவது நல்ல மூச்சுப் பயிற்சி. படுத்தே கிடக்கும் பிள்ளையின் நுரையீரல் முழுமையாக விரிவதில்லை. குமிழி ஊதும்போது அது விரிகிறது.

விரல்களுக்கு: கொக்கான் வெட்டுவதை மிஞ்சிய பயிற்சி இல்லை. கல்லுக்குப் பதிலாக, கழுவக்கூடிய பெரிய தெறிகளைப் பயன்படுத்தலாம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இது வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

தொடைகளுக்கு: கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது. ஐந்து தடவையில் தொடங்குங்கள். 'கடைக்காரர் வந்திட்டார், எழும்புங்கோ, போயிட்டார், இருங்கோ' என்று விளையாட்டாகச் செய்யலாம்.

நடை: முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இருத்துங்கள். தலைசுற்று இல்லையென்றால் பிடித்து நிற்க வையுங்கள். பிறகு கட்டிலைச் சுற்றி, பிறகு விறாந்தை வரை. சேலைன் ஏறிக்கொண்டிருந்தால் தாதியின் உதவியோடுதான் நடக்க வேண்டும். பின்பட்டி இல்லாத ரப்பர் செருப்பு வேண்டாம். பாதம் தூக்க முடியாத பிள்ளைக்கு அது தடக்கும். குதிப்பட்டியுள்ள செருப்போ சப்பாத்தோ போடுங்கள். பாதத்தைத் தாங்கும் அணையை இயன்மருத்துவர் பரிந்துரைத்தால், அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி வைக்காதீர்கள்.

அன்றாடக் காரியங்கள்: தானே பல் தீட்டட்டும். தானே சட்டை போடட்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு அரை மணித்தியாலம் ஆனாலும் பொறுத்திருங்கள். அதுவும் பயிற்சிதான்.

ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் செய்யத் தேவையில்லை. ஐந்து அல்லது பத்து நிமிடமாக, நாளில் மூன்று நான்கு தடவை போதும். சத்தி வராத, களைப்புக் குறைந்த நேரத்தைத் தாய்தான் அறிவாள். எந்தப் பொருளையும் பயன்படுத்த முன்னும் பின்னும் கழுவித் துடையுங்கள். கைகளையும் கழுவுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இப்பகுதியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் இருந்தால் பயிற்சி இல்லை. உடனே தாதியிடம் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று பார்த்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மூக்கிலோ முரசிலோ இரத்தம் கசிந்தால், புதிதாகச் சிவப்புப் புள்ளிகளோ கண்டல்களோ கண்டால் நிறுத்துங்கள். நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல், தலைசுற்று, தொடர்ச்சியான சத்தி இருந்தாலும் நிறுத்த வேண்டும். முள்ளந்தண்டில் ஊசி போட்ட நாளில் எவ்வளவு நேரம் படுத்திருக்க வேண்டும் என்பதைக் கேட்டு அதன்படி நடவுங்கள். இடுப்பு அல்லது முழங்காலில் புதிய நோ வந்து பிள்ளை நொண்டினால், பயிற்சியால் வந்த உளைவு என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். ஸ்டீரொயிட் மருந்து சில பிள்ளைகளின் மூட்டெலும்பைப் பாதிப்பதுண்டு.

குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை சாதாரணமாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும். 50,000க்குக் குறைந்தால் பந்து மோதும், விழுந்து எழும்பும் விளையாட்டுகளைத் தவிர்க்கும்படி பொதுவாகச் சொல்வார்கள். 20,000க்குக் குறைந்தால் மிகவும் மென்மையான அசைவுகளே பொருந்தும். உங்கள் பிள்ளைக்குரிய எல்லையை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் உறுதி: சிறுதட்டு குறைந்த பிள்ளையின் காலை எண்ணெய் பூசி அழுத்தி உருவக் கூடாது. அம்மம்மாமார் ஆசையோடு செய்வது இது. உள்ளே இரத்தம் கசிய இடமுண்டு. விறைத்த பாதத்துக்குச் சுடுநீர் ஒத்தடமும் ஆபத்தானது. சூடு பிள்ளைக்குத் தெரியாமல் தோல் வெந்துவிடும்.

ஆய்வுகள் சொல்வது

இது எனது சொந்தக் கருத்தல்ல. 2004 இல் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோயுள்ள 28 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், நான்கு மாதம் பயிற்சி செய்த பிள்ளைகளின் கணுக்கால் அசைவும் முழங்கால் தசை வலிமையும் கூடியிருந்தன. 2007 இல் ஸ்பெயினில் வெளிவந்த ஆய்வில், சிறுவர் வைத்தியசாலையின் உள்ளேயே சிறிய உடற்பயிற்சிக் கூடம் அமைத்து, நான்கு முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கு 16 வாரம் பயிற்சி கொடுத்துப் பயன் கண்டார்கள். 2021 இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், புற்றுநோயுள்ள எல்லாச் சிறுவர்களுக்கும் உடலசைவு முக்கியம் என்கிறது.

உண்மையைச் சொல்வதானால் இந்த ஆய்வுகள் சிறியவை. 2016 ஆம் ஆண்டின் மீளாய்வொன்றில் ஆறு ஆய்வுகளே சேர்க்கப்பட்டன. அவற்றில் பங்குபற்றிய பிள்ளைகள் மொத்தம் 171 பேர்தான். உடற்பயிற்சி இரத்தப் புற்றுநோயை மாற்றும் என்று யாரும் சொல்லவில்லை. நோயை மாற்றுவது மருந்து. மருந்து முடியும் நாளில் பிள்ளை தன் காலில் நிற்கத் துணைசெய்வது பயிற்சி.

பதினொரு வயதுச் சிறுமி

எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்புவதில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அதே விடுதியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். குணமாகிப் போனவளுக்கு நோய் திரும்பி வந்திருந்தது. சிறுவர்களை விடுதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் அவளுடைய தம்பி கீழே முற்றத்தில்தான் நிற்பான். அவனைப் பார்க்க விறாந்தைக் கம்பி வரை நடக்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. ஆறு கட்டில் தூரம். வைத்தியரைக் கேட்டு ஒரு நாளைக்கு ஒரு கட்டில் தூரமாக நடந்தாள். களைத்தால் அந்தக் கட்டிலில் இருந்து, அங்குள்ள பிள்ளையோடு கதைத்துவிட்டுத் திரும்புவாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பிக்குக் கை காட்டினாள். மூன்று வாரத்தின் பின் இறந்துபோனாள். அவளுடைய தாயை நான் பின்பு சந்தித்தபோது, "அண்டைக்கு அவள் தானா நடந்து போனவள் மிஸ்" என்று இரண்டு தடவை சொன்னார். குணமாகும் பிள்ளைக்கு மட்டுமா பயிற்சி என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வரும்.

நாம் செய்யக்கூடியவை

2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து நிதி திரட்டியதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது அந்த நடையினால்தான். இருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்து மகரகமவுக்குப் பிள்ளையைக் கொண்டு செல்லும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் நெடுந்தூரம் நடக்கத் தேவையில்லை.

இரு மொழியும் தெரிந்த சகோதரிகள் வாரத்தில் ஒரு மணித்தியாலம், அனுமதி பெற்று, விடுதியில் நின்று மொழிபெயர்க்கலாம். இயன்மருத்துவர் சொல்வதைத் தமிழில் எழுதி, படம் கீறி, தாயின் கையில் கொடுக்கலாம். மாதர் சங்கங்கள் கழுவக்கூடிய பாய், மென்பந்து, குமிழிக் குப்பி, உயரம் குறைந்த முக்காலி என்பவற்றை வாங்கிக் கொடுக்கலாம். குருதிச் சிறுதட்டு தானம் செய்யலாம். தாய் சற்று உறங்க, தகப்பனோ மாமியோ ஒரு கிழமை மாறி நிற்கலாம். நித்திரையில்லாத தாய் எப்படிப் பிள்ளையோடு விளையாடுவாள்? இவை எதுவும் முடியாவிட்டால், பார்க்கப் போகும்போது "பாவம்" என்ற சொல்லையாவது வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.

அந்த ஏழு வயதுச் சிறுவனைப் பற்றி முடிக்கிறேன். வேறொரு இயன்மருத்துவர் வந்து மறுபடியும் காட்டினார். இம்முறை நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தாய் கொப்பியில் எழுதிக்கொண்டார். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டார். காலுக்கு அணை போட்டார்கள். ஊரில் வேப்பமரத்தடியில் அம்மம்மா எண்ண, தமையனும் தங்கையும் சேர்ந்து செய்ய, பயிற்சி ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. குதிக்கால் தரையில் படுவதற்கு மாதங்கள் ஆயின. ஆரம்பத்திலேயே தொடங்கியிருந்தால் அவ்வளவு காலம் எடுத்திராது.

சிகிச்சை முடிந்து பாடசாலைக்குப் போகத் தொடங்கியபின் தாய் தொலைபேசியில் கதைத்தார். "விளையாட்டுப் போட்டியில ஓடினவன் மிஸ். கடைசியாத்தான் வந்தான். ஆனா ஓடி முடிச்சவன்."

உங்கள் உறவிலோ அயலிலோ இப்படியொரு பிள்ளை சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை அதன் தாயிடம் கொடுங்கள். அவருக்கு வாசிக்க நேரமில்லையென்றால் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லுங்கள்.